மோட்டார் கார் விளம்பரங்களின் உளவியல்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

நவீன முதலாளித்துவ சமுதாயத்தில் விளம்பரம் வகிக்கும் பங்கு பற்றி இரு வகையான கருத்துகள் நிலவி வருகின்றன. பண்டம் ஒன்றைப் பற்றிய தகவலை விற்போரிடமிருந்து வாங்குவோருக்கு எடுத்துச் செல்லும் சாதனமே விளம்பரம் என்பது ஒன்று. மனித மனத்தை மயக்கி, வேண்டாத பொருளையும் வாங்க வைக்கும் மாந்திரீக ஆற்றல் அதற்குண்டு என்பது மற்றையது. முன்னையது விளம்பரத் தொழிலினர் தமக்காக எடுத்துரைக்கும் நியாயமாகும். பின்னையது அத்தொழிலைக் கண்டிப்போர் பலரிடத்துக் காணப்படுவதாகும். இவ்விரு கருத்துகளும் முழுமையானவையல்ல என்பதை மோட்டார் கார் விளம்பரங்களின் வரலாற்றைக் கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோட்டார் காரை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண குடும்பம் ஒன்று வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவிட்டு வாங்கும் பொருள் பெரும்பாலும் அதுவே. விலை, எரிபொருட் செலவு, பழுதுபார்க்கும் செலவு ஆகியவற்றையெல்லாம் கணக்குப் பார்த்து, பலரிடம் விசாரித்து வாங்க வேண்டிய பொருள் அது. ஆயின் அதன் விளம்பரங்களிலோ கணக்குக்கு மிகக் குறைந்த இடமும் உணர்ச்சிக்கு மிகக் கூடிய இடமும் அளிக்கப்பட்டு வந்துள்ளன. இம்முரண்பாடு தற்செயலாகத் தோன்றியதன்று. அதன் தோற்றத்தை அறிய, பெருந்தொகை உற்பத்தியும் நவீன விளம்பரத் தொழிலும் கைகோத்து வளர்ந்த ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை நோக்குதல் வேண்டும்.

பயனிலிருந்து ஆசைக்கு

ஹென்றி போர்ட்டின் நிறுவனம் தனது ‘ரி’ மாதிரிக் காரை 1908ஆம் ஆண்டில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அதன் விலை ஏறத்தாழ 850 டொலராக இருந்தது. நகரும் வரிசையில் காரைப் படிப்படியாகப் பொருத்தும் முறை 1913இல் புகுத்தப்பட்டதன் பின்னர் விலை தொடர்ந்து வீழ்ச்சியடைந்து, 1925 அளவில் 260 டொலர் வரை குறைந்தது. 1914 முதல் 1925 வரை இக்கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. மலிவு, உறுதி, கரடுமுரடான பாதையிலும் ஓடக்கூடிய தன்மை ஆகியவையே அதன் தகுதிகள். அதன் விளம்பரங்களும் பெரும்பாலும் இவற்றையே எடுத்துரைத்தன. வாங்குவோனின் அறிவை நோக்கி, காரின் உபயோகப் பெறுமதியைச் சுட்டிக்காட்டிப் பேசும் விளம்பரங்கள் அவை.

இம்முறையின் வெற்றியிலேயே அதன் நெருக்கடியும் அடங்கியிருந்தது. நீடித்து உழைக்கும் காரை வாங்கியவனுக்கு அடுத்த ஆண்டு இன்னொரு கார் தேவைப்படாது. 1920களின் நடுப்பகுதியளவில், கார் வாங்கும் வசதி படைத்த அமெரிக்கக் குடும்பங்களுட் பெரும்பாலானவை ஏற்கனவே ஒரு காரை உடையனவாயிருந்தன. தொழிற்சாலைகளோ முன்னெப்பொழுதையும் விடக் கூடிய தொகையிற் கார்களை உற்பத்தி செய்துகொண்டிருந்தன. ஆதலின், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார் ஒன்றை உடையவனை இன்னொரு காருக்கு ஆசைப்பட வைப்பது எப்படி என்பதே தொழிலதிபர்களின் தலையாய பிரச்சினையாயிற்று.

இதற்கு விடை கண்டது ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனமாகும். 1919இல் அது தவணைக் கடன் வழங்கும் துணை நிறுவனமொன்றை நிறுவியது. 1923இல் தலைவராகப் பொறுப்பேற்ற அல்பிரட் சுலோன், நிறுவனத்தின் கார்களை ஒரு ஏணியின் படிகளாக ஒழுங்குபடுத்தினார். கீழ்ப்படியில் செவ்ரோலே, மேற்படியில் கடிலாக், இடையில் பொன்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக் என அவை அமைந்தன. ஊதியம் உயர உயர மனிதன் படியேற வேண்டும். ஏறியதை அயலார் காண வேண்டும். 1927இல் ஹார்லி ஏர்லின் தலைமையில் கலை, வண்ணப் பிரிவு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. இயந்திரத்திற் பெரிய மாற்றமின்றியே வெளித்தோற்றத்தை ஆண்டுதோறும் மாற்றுதல் ஒரு வழமையாக வளர்ந்தது. சென்ற ஆண்டின் கார் பழுதடையவில்லை. ஆனால் அது சென்ற ஆண்டின் கார் என்பது தெருவிற் செல்வோர் அனைவருக்கும் தெரிந்தது. ‘ரி’ மாதிரியின் உற்பத்தி, 1 கோடி 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களின் பின்னர், அதே 1927இல் நிறுத்தப்பட்டமை கவனத்திற்குரியது.

ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுப் பிரிவின் தலைவரான சாள்ஸ் கெட்டரிங் 1929 சனவரியில் வர்த்தக சஞ்சிகை ஒன்றில் எழுதிய கட்டுரைக்கு இட்ட தலைப்பு, ‘நுகர்வோனை அதிருப்தியுடன் வைத்திருங்கள்’ என்பதாகும். அவர் இதனைச் சூழ்ச்சியாகக் கருதவில்லை. முன்னேற்றத்தின் உந்துவிசையாகவே கருதினார். எல்லாரும் தம்மிடமுள்ள பொருளிலேயே திருப்தியடைந்துவிட்டால் புதிய பொருளை வாங்குவார் யார் என்பதே அவரது வினா. கார் விளம்பரத்தின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இத்தலைப்பு ஒரு திறவுகோல் எனலாம். தொழிற்சாலை காரை உற்பத்தி செய்தது. விளம்பரம் அக்காருக்கு வேண்டிய அதிருப்தியை உற்பத்தி செய்தது.

காரைப் பேசாத கார் விளம்பரங்கள்

இம்மாற்றத்தின் முன்னறிகுறியாக விளங்குவது 1915 சனவரி 2ஆம் திகதி ‘சற்றர்டே ஈவ்னிங் போஸ்ட்’ சஞ்சிகையில் வெளியான கடிலாக் விளம்பரமாகும். கடிலாக் நிறுவனம் அப்பொழுது எட்டு உருளைகள் கொண்ட புதிய இயந்திரத்தை அறிமுகப்படுத்தியிருந்தது. அதில் மின்சாரக் கோளாறுகள் தோன்றவே, போட்டி நிறுவனமான பக்கார்ட் அதனைச் சுட்டிக்காட்டித் தாக்கியது. இதற்கு மறுமொழியாகத் தியடோர் மக்மானஸ் எழுதிய விளம்பரத்தில் காரின் படமோ, இயந்திரத்தின் விவரமோ இடம்பெறவில்லை. முதன்மை பெற்றவன் எவனும் பொறாமைக்கும் பழிச்சொல்லுக்கும் ஆளாக நேரும் என்ற பொதுவான சிந்தனையே அதில் விரித்துரைக்கப்பட்டது. குறை கூறப்பட்டமையே உயர்வின் சான்றாக மாற்றப்பட்டது. இயந்திரம் பற்றிய கேள்விக்கு மனிதப் பெருமை பற்றிய விடை அளிக்கப்பட்டது.

இரண்டாவது எடுத்துக்காட்டு 1923 யூனில் அதே சஞ்சிகையில் வெளியானது. ‘லரமிக்கு மேற்கே எங்கோ’ என்னும் தலைப்புடைய அதனை எழுதியவர், கிளீவ்லாந்து நகரிற் சிறிய கார் நிறுவனமொன்றை நடத்திய நெட் ஜோர்டன். பரந்த சமவெளியிற் குதிரையோட்டி ஒருவனோடு போட்டியிட்டு விரையும் காரும், அதனைச் செலுத்தும் துணிச்சல் மிக்க இளம்பெண்ணுமே அதிற் சித்திரிக்கப்பட்டன. விலையில்லை, குதிரைவலு இல்லை, எரிபொருட் சிக்கனம் இல்லை. இங்கு நோக்கற்பாலது யாதெனில், ஜோர்டன் நிறுவனம் தன் கார்களைப் பெரும்பாலும் பிற தொழிற்சாலைகளில் வாங்கிய இயந்திரத்தையும் உறுப்புகளையும் பொருத்தியே ஆக்கியது என்பதாகும். பிறர் கார்களிலிருந்து தன் காரை வேறுபடுத்திக் காட்டுவதற்கு அந்நிறுவனத்திடம் இருந்தது பெரும்பாலும் தோற்றமும் கற்பனையுமே. அக்கற்பனையும் பொருளாதார மந்தத்தைத் தாங்கவில்லை; 1931இல் நிறுவனம் வீழ்ந்தது. ஆனால் விளம்பரக்கலை மாணவர்களுக்கு அவ்விளம்பரம் இன்றுவரை பாடமாக இருந்து வருகின்றது.

உளவியலாளரின் வருகை

உளவியல் என்னும் கல்வித்துறை விளம்பரத் தொழிலுடன் நேரடியாக உறவு கொண்டமையும் இக்காலப் பகுதியிலேயே ஆகும். நடத்தைவாத உளவியலின் மூலவரான ஜோன் வாட்சன், பல்கலைக்கழகப் பதவியை இழந்தபின் 1920இல் ஜே. வோல்டர் தொம்சன் விளம்பர நிறுவனத்திற் சேர்ந்தார். எனினும் கார் விற்பனையில் உளப்பகுப்பாய்வு முறையைப் புகுத்தியவராகப் பெரிதும் பேசப்படுபவர் ஏர்னெஸ்ட் டிக்டர் ஆவார். வியன்னாவில் 1907இற் பிறந்த யூதரான இவர், 1938இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். அடுத்த ஆண்டு கிறைஸ்லர் நிறுவனத்தின் பிளிமத் கார் பற்றிய ஆய்வொன்றை மேற்கொண்டார்.

மக்களிடம் நேரடியாக வினாக் கேட்டு விடை பெறாது, அவர்களை நீண்ட நேரம் பேசவிட்டு, பேச்சின் உட்கிடையை ஆராய்வது அவரது முறையாகும். கூரை மடக்கும் காரை வாங்குவோர் மிகச் சிலரே. ஆயினும் அது காட்சியறைக்கு ஆண்களை ஈர்த்தது. அவர்கள் உள்ளே வந்து, இறுதியில் மூடிய குடும்பக் காரையே வாங்கிச் சென்றனர். முன்னையதை ஆசைநாயகிக்கும் பின்னையதை மனைவிக்கும் டிக்டர் ஒப்பிட்டார். பெண்ணை இவ்விரு வார்ப்புகளுள் அடக்கும் இவ்வுவமை, அதனைக் கையாண்ட சமூகத்தின் ஆணாதிக்க நோக்கையே காட்டுகின்றது. எனினும் அதே ஆய்வு, எந்தக் காரை வாங்குவது என்பதை முடிவு செய்வதில் மனைவியரின் செல்வாக்குப் பெரிது என்பதையும் எடுத்துக்காட்டியது. பழகிய காரை விட்டுப் புதிய காருக்கு மாறும்போது மனத்தில் எழும் அச்சத்தையும் அவர் சுட்டிக்காட்டினார். முன்னைய கார்களிலிருந்து முற்றிலும் வேறுபட்டது எனப் பெருமை பேசிய விளம்பரங்கள் அவ்வச்சத்தையே தூண்டின என்பது அவரது விளக்கம்.

பிற்காலப் பரிசோதனைகள் சில இத்துறைக்குக் கூடிய தெளிவை அளித்துள்ளன. 1968இல் ஸ்மித், ஏங்கல் என்போர் வெளியிட்ட ஆய்வில் ஒரே காரின் விளம்பரம் இரு வடிவங்களிற் காட்டப்பட்டது. ஒன்றிற் கவர்ச்சியான பெண்ணொருத்தி நின்றாள், மற்றையதில் எவருமில்லை. பெண் நிற்கும் வடிவத்தைக் கண்டோர் அக்காரைக் கூடிய வேகமுடையது, விலையுயர்ந்தது, சிறந்த வடிவமைப்புக் கொண்டது என மதிப்பிட்டனர். பின்னர் வினவியபோது, அப்பெண்ணின் படம் தம் மதிப்பீட்டைப் பாதித்தது என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. தமக்குப் பாதிப்பில்லை என்ற நம்பிக்கை பாதிப்பின்மைக்குச் சான்றாகாது என்பதை இது காட்டுகின்றது. கற்றோரும் இதற்கு விலக்கல்லர்.

இதனினும் சுவையானது 1957இல் மின்னியாபொலிஸ் நகரில் நடத்தப்பட்டு வெளியான ஓர் ஆய்வாகும். கார் விளம்பரத்தைக் கருத்தூன்றிப் படிப்பவர் கார் வாங்க எண்ணுபவர் என்றே நாம் கருதுவோம். ஆனால் அண்மையிற் புதிய கார் வாங்கியோர், தாம் வாங்க நினைத்துக் கைவிட்ட கார்களின் விளம்பரங்களை விட, தாம் வாங்கிய காரின் விளம்பரங்களையே கூடுதலாகப் படித்தமை அவ்வாய்வில் தெரியவந்தது. லியோன் பெஸ்டிங்கர் அதே ஆண்டில் நூலாக வெளியிட்ட அறிதல் முரண் கொள்கை இதற்கு விளக்கம் தருகின்றது. பெருந்தொகை கொடுத்து ஒன்றைத் தெரிந்தவன், தெரிவு சரிதானா என்ற ஐயத்தால் அலைக்கழிக்கப்படுகிறான். அவ்வையத்தைத் தணிக்கும் ஆறுதலையும் அவன் விளம்பரத்திலேயே தேடுகிறான். இவ்வகையில், அதிருப்தியைத் தோற்றுவிப்பதும் அதற்குத் தற்காலிக ஆறுதல் அளிப்பதும் ஒரே சாதனமாகிவிடுகின்றது. அடுத்த ஆண்டின் புதிய மாதிரி வெளிவரும் வரை அவ்வாறுதல் நீடிக்கும்.

உளவியலின் எல்லை

இவற்றைக் கொண்டு விளம்பரத்தை எல்லாம் வல்ல சக்தியாகக் கருதுதல் பிழையாகும். வான்ஸ் பக்கார்ட் எழுதிய ‘மறைந்திருந்து தூண்டுவோர்’ என்னும் நூல் 1957இல் வெளியாகிப் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. டிக்டர் போன்றோரின் முறைகளை மக்கள் முன் அம்பலப்படுத்தியமை அந்நூலின் நிலையான பணியாகும். ஆனால் அதே ஆண்டு செப்டெம்பரில் போர்ட் நிறுவனம் எட்சல் என்னும் காரை வெளியிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வு நிலையத்தைக் கொண்டு இரு நகரங்களில் 1,600 பேரிடம் விசாரணை நடத்தி, எந்தக் காருக்கு எத்தகைய ‘ஆளுமை’ உண்டென மக்கள் எண்ணுகின்றனர் என்பது ஆராயப்பட்டது. காருக்குப் பெயர் சூட்டக் கவிஞர் மரியான் மூரின் உதவிகூட நாடப்பட்டது. இறுதியில் அப்பெயர்களெல்லாம் கைவிடப்பட்டு, ஹென்றி போர்ட்டின் காலஞ்சென்ற மகனின் பெயரே இடப்பட்டது.

விளைவு பெருந்தோல்வி. ஏறத்தாழ 110,000 கார்களே உற்பத்தியான நிலையில் 1959 நவம்பரில் எட்சல் கைவிடப்பட்டது. நட்டம் 25 கோடி டொலர் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. பொருளாதாரப் பின்னடைவு, தெளிவற்ற விலை நிலை, பொருத்துவதில் நேர்ந்த குறைபாடுகள், நகைப்புக்கிடமான முகப்பு ஆகியன இதற்குக் காரணங்களாகும். மனத்தை எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தாலும் பண்டத்தின் குறையையும் வாங்குவோரின் வருமானத்தையும் மீற முடியாது என்பதை இது உணர்த்துகின்றது.

எதிர்ப்பையும் விளம்பரமாக்குதல்

எனினும் விளம்பரத் தொழிலின் உண்மையான ஆற்றல் வேறிடத்தில் உள்ளது. தன்மீது எழும் எதிர்ப்பையே உட்கொண்டு வளரும் இயல்பே அது. 1950களின் இறுதியில், வால்சிறகுகளும் குரோமியப் பளபளப்பும் கொண்ட பெருங்கார்களை அமெரிக்கர் பலர் வெறுக்கத் தொடங்கியிருந்தனர். அவ்வேளையில் டொயில் டேன் பேர்ன்பக் என்னும் விளம்பர நிறுவனம், 1959 முதல் வொக்ஸ்வாகன் நிறுவனத்துக்காகப் புதுமையான விளம்பரங்களை வெளியிட்டது. வெற்றுத்தாளின் ஒரு மூலையில் மிகச் சிறிய காரை இட்டு, சிறிதாக நினையுங்கள் என்றது ஒரு விளம்பரம். 1960இல் வந்த இன்னொன்று, தன் காரைத் தானே பழுதுள்ள சரக்கு எனத் தலைப்பிட்டு, பரிசோதனையில் அது நிராகரிக்கப்பட்டமையை விளக்கியது. இட்லரின் ஆட்சியில் உருவான கார் ஒன்று, யூதர்கள் முன்னின்று நடத்திய நிறுவனத்தின் விளம்பரத்தால் அமெரிக்கரின் அன்பைப் பெற்றமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

இவ்விளம்பரங்கள் வாசகனின் அறிவை மதித்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மதிப்பும் ஓர் உளவியல் முறையீடே. விளம்பரங்களுக்கு ஏமாறாதவன் நீ என்று கூறி அவனை ஏற்கச் செய்தது அவ்விளம்பரம். அயலவனை விட உயர்ந்தவன் என்ற பெருமையைக் கடிலாக் விற்றது; அத்தகைய பெருமை வேண்டாதவன் என்ற பெருமையை வொக்ஸ்வாகன் விற்றது.

சொல்லாமல் விடப்பட்டவை

விளம்பரம் எதைச் சொல்கிறது என்பதினும் எதைச் சொல்லாமல் விடுகின்றது என்பதே சில வேளைகளில் முக்கியமானது. கார் விளம்பரங்களில் வீதி எப்பொழுதும் வெறுமையாகவே இருக்கும். நெரிசலில்லை, நடந்து செல்வோர் இல்லை, விபத்து இல்லை. 1956ஆம் ஆண்டு மாதிரிகளுக்குப் போர்ட் நிறுவனம் பாதுகாப்பை முன்வைத்து விளம்பரம் செய்தது. நெஞ்சைத் தாக்காவண்ணம் அமைந்த சுக்கான், இறுகப் பூட்டும் கதவுகள் ஆகியன எல்லாக் கார்களிலும் இருந்தன. ஆசனப் பட்டி விரும்பியோருக்கு வழங்கப்பட்டது. மேலதிகப் பணம் கொடுத்து அவற்றைப் பெற்றோர் பலர். ஆயினும் அவ்வாண்டு விற்பனையிற் செவ்ரோலே முந்தியதைக் காரணங்காட்டி, பாதுகாப்பு விற்காது என்ற கூற்று தொழிலதிபரிடையே வேதவாக்காயிற்று. விபத்தை நினைவூட்டினால் கனவு கலைந்துவிடும் என அவர்கள் அஞ்சினர்.

அக்கனவின் விலை உயிர்களாகும். 1966ஆம் ஆண்டில் மட்டும் ஐக்கிய அமெரிக்க வீதிகளில் 50,000 பேருக்கு மேல் மாண்டனர். 1965 இறுதியில் ரால்ப் நேடர் வெளியிட்ட நூல், விபத்துக்குச் சாரதியை மட்டும் குற்றஞ்சாட்டி வந்த மரபை உடைத்து, காரின் வடிவமைப்பிலேயே குற்றம் உண்டென எடுத்துக்காட்டியது. ஜெனரல் மோட்டர்ஸ் அவரைப் பின்தொடரத் துப்பறிவோரை அமர்த்தியது. இது அம்பலமானதும் நிறுவனத்தின் தலைவர் 1966 மார்ச்சில் செனட் சபைக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சந்தை செய்ய மறுத்ததைச் சட்டம் செய்தது.

சட்டத்தின் பின்னர் பாதுகாப்பும் விற்பனைப் பொருளாயிற்று. ஆனால் திரிபடைந்த வடிவத்திலாகும். 1990களிற் பெருகிய எஸ்.யூ.வி. எனப்படும் உயரமான ஜீப் வகை வண்டிகளின் விளம்பரங்கள் இதற்குத் தக்க சான்று. 1975இன் எரிபொருட் சிக்கனச் சட்டத்தின் கீழ் இவை இலகு லொறிகளாகக் கணிக்கப்பட்டு, கார்களை விடத் தளர்ந்த விதிகளுக்கே உட்பட்டன, இலாபமும் அதிகம். மலையுச்சியிலும் பாலைவனத்திலும் அவை நிற்கும் காட்சிகள் சுதந்திரத்தைப் பேசின. அவற்றின் பருமனும் உயரமும் வெளியுலகம் பற்றிய அச்சத்தோடு பேசின. தொழிலினரின் சொந்த ஆய்வுகளே இவ்வண்டிகளை நாடுவோரைப் பாதுகாப்பின்மை உணர்வு மிக்கோராகச் சித்திரித்தமையைப் பத்திரிகையாளர் கீத் பிராட்ஷர் 2002இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். இங்கு விற்கப்படும் பாதுகாப்பு உள்ளிருப்போனுக்குரியது; எதிரே வரும் சிறிய காருக்கும் நடந்து செல்வோனுக்கும் அதே வண்டி ஆபத்தாகின்றது. 2009இல் ஏறத்தாழ 4,100 ஆக இருந்த அமெரிக்கப் பாதசாரிகளின் மரணம் 2022இல் 7,500 அளவினதாகியது. இதற்குக் காரணங்கள் பல. வண்டிகளின் பருமனும் உயர்ந்த முகப்பும் அவற்றுள் ஒன்றாக ஆய்வாளரால் சுட்டப்படுகின்றன. ஒருவனின் அச்சத்தைத் தணிப்பது மற்றவனின் அச்சத்தை வளர்க்கின்றது. அவனும் பெரிய வண்டியை வாங்க வேண்டியவனாகிறான்.

சூழல் பற்றிய மனச்சாட்சியும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டது. வொக்ஸ்வாகன் நிறுவனம் தூய டீசல் எனத் தன் கார்களை அமெரிக்காவில் விளம்பரம் செய்தது. பரிசோதனை வேளையில் மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் அவற்றிற் பொருத்தப்பட்டிருந்தமை 2015 செப்டெம்பரில் வெளியாயிற்று. உலகெங்கும் சுமார் 1 கோடி 10 இலட்சம் வாகனங்கள் இதில் அடங்கின. ஏமாந்தோர் பேராசையினால் ஏமாந்தவரல்லர். நல்லது செய்ய விரும்பியமையால் ஏமாந்தவர்கள். எந்த நுண்ணுணர்வுடைய வாசகனும் இவ்விளம்பரத்தின் பொய்யைத் தன் அறிவால் மட்டும் கண்டுபிடித்திருக்க இயலாது. ஆய்வுகூடமும் அரச நிறுவனமுமே அதனைக் கண்டுபிடித்தன.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கார் விளம்பரம் தொட்டுப் பேசும் உணர்வுகள் யாவும் மெய்யானவை என்பது புலனாகும். மதிப்புடன் வாழ்தல், அஞ்சாதிருத்தல், நேசிக்கப்படுதல், விரும்பிய இடத்துக்குச் செல்லுதல், பிறர்க்குத் தீங்கு செய்யாதிருத்தல் ஆகியன மனிதனின் நியாயமான வேட்கைகள். இவற்றுட் பல சமுதாயமாகக் கூடி நிறைவேற்ற வேண்டியவை. விளம்பரம் அவற்றைத் தனியொருவன் தவணைக் கடனில் வாங்கக்கூடிய இரும்புப் பண்டமாக மாற்றிக் காட்டுகின்றது. நமது சமுதாயம் பொருள்மீது மிகையான பற்றுக் கொண்டதன்று, உண்மையில் அப்பற்று அதற்குப் போதவில்லை என ரேமண்ட் வில்லியம்ஸ் விளம்பரம் பற்றிய தமது கட்டுரையில் வாதிட்டமை இங்கு நினைவுகூரத் தக்கது. காரைக் காராக மட்டும் நோக்குபவனுக்கு மலையுச்சியும் இளம்பெண்ணும் வேண்டியதில்லை.

ஆதலின் வாசகனுக்கு விழிப்பூட்டுதல் அவசியமாயினும் அது மட்டும் போதாது. மறைந்திருந்து தூண்டுவோரை அம்பலப்படுத்திய நூலின் பின்னரும் தூண்டுதல் தொடர்ந்தது. ஆசனப் பட்டியை எல்லாக் கார்களுக்கும் கொண்டுவந்தது சட்டம். நச்சுப் புகையை வெளிப்படுத்தியது பொதுநல ஆய்வு. அச்சமின்றி நடக்கக்கூடிய வீதியையும், நேரந்தவறாது வரும் பேருந்தையும் விளம்பரம் செய்ய எந்த நிறுவனமும் முன்வருவதில்லை. அவற்றைக் கோருவது மக்களின் கடமையாகும்.